பென்டைன் மணலில் புதைக்கப்பட்ட கார்

பொறியியலாளர் பரி தோமஸின் வாழ்வும் முடிவும்

பழைய மோட்டார் கார் ஒன்றின் எஞ்சினைக் கழற்றி எடுத்துவிட்டு, வேறொரு வாகனத்துக்கென ஆக்கப்பட்ட எஞ்சினை அதன் இடத்தில் பொருத்தி ஓடச் செய்வது, இன்று ஐரோப்பாவிலும் கனடாவிலும் கராஜ்களில் தொழில் புரியும் எமது இளைஞர் பலருக்குப் பழக்கமான வேலையே. பார்த்து நிற்பவருக்கு அது வெறும் கைவேலையாகத் தோன்றலாம். செய்து பார்த்தவரோ அதன் சிரமத்தை அறிவர். எஞ்சினைச் சங்கிலியில் தொங்கவிட்டு உள்ளே இறக்குவதற்கு அரைநாள் போதும். இறக்கிய எஞ்சினுடன் வண்டியின் மற்றைய உறுப்புகள் யாவற்றையும் ஒத்துப்போகச் செய்வதற்கு மாதங்கள் தேவைப்படும். அந்த ஒத்துப்போகச் செய்யும் வேலையின் மூலம் உலகின் அதிவேக மனிதர் என்ற பெயரைப் பெற்று, பத்து மாதங்களின் பின் அதே வண்டியிலேயே உயிர்நீத்த ஒருவரின் வாழ்க்கையை இங்கு கூற முனைகின்றோம்.

உதவிக்குருவின் மகன்

ஜோன் கொட்பிரி பரி தோமஸ் 1880களின் நடுப்பகுதியில் வேல்ஸ் நாட்டின் வடகிழக்கே அமைந்துள்ள ரெக்ஸம் நகரில் பிறந்தார். தந்தையார் திருச்சபையில் உதவிக்குருவாகப் பணியாற்றியவர். பரி தோமஸ் சிறுவனாக இருந்தபோதே குடும்பம் ஆங்கில எல்லைக்குள் உள்ள ஒஸ்வெஸ்ட்ரி என்னும் சிறுநகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கு பள்ளிக்கல்வியை முடித்துக்கொண்ட அவர், லண்டன் சென்று சிற்றி அன்ட் கில்ட்ஸ் கல்லூரியில் பொறியியல் பயின்றார். குருமனைப் பிள்ளைகள் குருத்துவத்துக்கோ ஆசிரியத்துக்கோ செல்வது வழமையாக இருந்த அக்காலத்தில், அவரது மனம் இயந்திரங்களிலேயே பதிந்திருந்தது.

அவரது முதலாவது பெரும் கண்டுபிடிப்பு கார் ஓட்டப் போட்டிகளுடன் எவ்விதத் தொடர்பும் அற்றது. பெற்றோல் எஞ்சினின் வலுவில் ஒரு பகுதியை மின்சாரமாக மாற்றி, மின்மோட்டாரின் துணையுடன் சில்லுகளுக்கு அனுப்பும் ஒரு முறையை அவர் வகுத்தார். சாரதி அடிக்கடி கியர் மாற்றவேண்டிய தொல்லையை நீக்குவதே அதன் நோக்கம். பஸ்களிலும் தண்டவாள வண்டிகளிலும் அது பரீட்சித்துப் பார்க்கப்பட்டது. இன்று ஹைபிரிட் கார்கள் என்று நாம் அழைப்பவற்றின் உள்ளே இருக்கும் எண்ணத்துக்கு மிக நெருங்கிய ஓர் எண்ணத்தை, முதலாம் உலகப் போருக்கு முன்னரே அவர் உருவாக்கியிருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. மின்பொறியியலிலும் மோட்டார் பொறியியலிலும் பல காப்புரிமைகள் அவர் பெயரில் பதிவாகின. போர்க்காலத்தில், போர்த்தளவாடக் கண்டுபிடிப்புகளை ஆராயும் அரச சபையிலும் அவர் இடம்பெற்றிருந்தார்.

பின்னர் அவர் லேலன்ட் மோட்டார்ஸ் நிறுவனத்தின் தலைமைப் பொறியியலாளரானார். லேலன்ட் என்ற பெயர் எமது வாசகர்களுக்குப் புதிதன்று. இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பஸ்களின் முகப்பில் அப்பெயரைப் பார்த்தவாறே பாடசாலைக்கும் சந்தைக்கும் சென்றுவந்த தலைமுறை எம்முடையது. பஸ்களுக்கும் லொறிகளுக்கும் பேர்பெற்ற அந்நிறுவனம், போர் முடிந்ததும் ரோல்ஸ் றொய்சுக்கு நிகரான ஒரு சொகுசுக் காரை ஆக்க விரும்பியது. அப்பொறுப்பு பரி தோமசிடம் வந்தது. தமது இளம் உதவியாளரான ரீட் ரெயில்டனுடன் சேர்ந்து அவர் வடிவமைத்த லேலன்ட் எய்ட் என்ற கார் 1920இல் லண்டன் ஒலிம்பியா கண்காட்சியில் வைக்கப்பட்டது. எட்டுச் சிலிண்டர்கள் ஒரே வரிசையில் அமைந்த அந்தக் கார், அன்றைய பிரித்தானியக் கார்களுள் மிகவும் முற்போக்கானதும் மிகவும் விலையுயர்ந்ததுமாகும். போருக்குப் பிந்திய பொருளாதார நெருக்கடியில் அத்தகைய காரை வாங்குவார் அரிதாகவே இருந்தனர். இருபதுக்கும் குறைவான கார்களே ஆக்கப்பட்ட நிலையில் நிறுவனம் அம்முயற்சியைக் கைவிட்டது.

ஆயினும் அந்தக் கார் அதை ஆக்கியவரின் வாழ்க்கையை மாற்றிவிட்டது. அதனைப் பரீட்சிப்பதற்காகப் புரூக்லண்ட்ஸ் ஓடுபாதைக்குச் சென்ற பரி தோமஸ், வேகத்தின் வசப்பட்டார். 1923இல், பெரும் நிறுவனம் ஒன்றின் தலைமைப் பொறியியலாளர் என்ற பதவியைத் துறந்து, தமது நாற்பதாவது வயதை அண்மித்த வேளையில் ஓட்டப்போட்டிச் சாரதியாகவும் சுதந்திரப் பொறியியலாளராகவும் அவர் புதுவாழ்வு தொடங்கினார்.

ஓடுபாதைக்குள் ஒரு வீடு

புரூக்லண்ட்ஸ் என்பது லண்டனுக்குத் தென்மேற்கே, சறே மாவட்டத்தில் 1907இல் திறக்கப்பட்ட கொங்கிறீட் ஓடுபாதையாகும். மோட்டார் ஓட்டத்துக்கென்றே தனியாக அமைக்கப்பட்ட அந்தப் பாதையின் சுற்று ஏறத்தாழ இரண்டேமுக்கால் மைல். வளைவுகளில் கொங்கிறீட் மதில்போல் சரிந்து உயர்ந்திருக்கும். பாதையின் நடுவே இருந்த நிலத்தில், போர்க்காலத்தில் கட்டப்பட்ட ஒரு கட்டடத்தைத் திருத்தி, அதற்குத் துறவியின் குடில் எனப் பொருள்படும் பெயரைச் சூட்டி, அதிலேயே பரி தோமஸ் வசித்துவந்தார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. மேஜர் கென் தொம்சன் என்பவருடன் கூட்டுச் சேர்ந்து தமது கண்டுபிடிப்புகளை உருவாக்குவதற்கென ஒரு நிறுவனத்தையும் அங்கு நிறுவினார். தொழிற்கூடமும் வீடும் ஓடுபாதையும் ஒரே வேலிக்குள் இருந்தன.

தாம் வடிவமைத்த லேலன்ட் எய்ட் காரையே போட்டிக்காராக மாற்றியமைத்து, ஐந்து பருவங்களில் 38 ஓட்டங்களில் அவர் வெற்றிபெற்றார். அவ்வெற்றிகளுள் ஒன்று எமது பொருளுடன் நேரடித் தொடர்புடையது. ஏர்னஸ்ட் எல்ட்றிட்ஜ் என்ற ஆங்கிலேயர், 1908ஆம் ஆண்டின் பழைய பியட் பந்தயக் கார் ஒன்றின் அடிச்சட்டத்தை நீட்டி, அதில் 21.7 லீற்றர் கொள்ளளவுள்ள பியட் விமான எஞ்சினைப் பொருத்தியிருந்தார். அடிச்சட்டத்தை நீட்டுவதற்கு லண்டன் பஸ் ஒன்றின் பாகங்களை அவர் பயன்படுத்தினார். அந்தப் பூதத்தைக் கொண்டு 1924 யூலையில் பிரான்சின் ஆர்ப்பஜோன் நெடுஞ்சாலையில் உலக வேகச் சாதனையையும் அவர் நிலைநாட்டியிருந்தார். 1925 யூலையில் புரூக்லண்ட்சில் எல்ட்றிட்ஜும் பரி தோமசும் தனித்து மோதினர். எல்ட்றிட்ஜின் எஞ்சின் பரி தோமசின் எஞ்சினைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு பெரியது. ஆயினும் இறுதியில் பரி தோமஸே வென்றார். பருமனைச் சீரமைப்பு வென்ற போட்டி அது எனலாம். ஆனால் நேர்கோட்டில் ஓடும் உலக வேகச் சாதனைக்குத் தமது எட்டுச் சிலிண்டர் எஞ்சின் போதாது என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

போர் விட்டுச்சென்ற எஞ்சின்கள்

விமான எஞ்சினைக் காரில் பொருத்தும் எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதை இங்கு விளக்குதல் அவசியம். 1918 நவம்பரில் போர் ஓய்ந்தபோது, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆயிரக்கணக்கான விமான எஞ்சின்கள் தேவையற்றுக் கிடந்தன. ஆக்குவதற்குப் பெருஞ்செலவு பிடித்த அவை அற்ப விலைக்கு விற்கப்பட்டன. வலுமிக்க கார் எஞ்சின் ஒன்றைப் புதிதாக வடிவமைக்க வசதியற்றவர்களும், பொறுமையற்றவர்களும் அவற்றை நாடினர்.

அவர்களுள் முன்னோடி லூயி ஸ்பொரோவ்ஸ்கி என்ற இளம் பிரபு. தந்தையார் 1903இல் பிரான்சின் லா துர்பி மலையேற்றப் போட்டியில் காரில் மாண்டவர். தாயார் அமெரிக்காவின் பெருஞ்செல்வக் குடும்பமான அஸ்டர் குடும்பத்தைச் சேர்ந்தவர். பதினாறாவது வயதில் தாயையும் இழந்து பெருஞ்செல்வத்துக்கு வாரிசான ஸ்பொரோவ்ஸ்கி, கென்ற் மாவட்டத்தில் கன்ரபரிக்கு அருகில் உள்ள தமது ஹைகம் மாளிகையின் தொழிற்கூடத்தில், கிளைவ் கலப் என்ற பொறியியலாளரின் துணையுடன் இராட்சதக் கார்களை ஆக்கத் தொடங்கினார். முதலாவது கார், பழைய மேர்சிடிஸ் அடிச்சட்டத்தில் 23 லீற்றர் மேபாக் விமான எஞ்சினைத் தாங்கியது. 1921இல் புரூக்லண்ட்சில் அது வெற்றிபெற்றது. அதன் பெயரான சிட்டி பாங் பாங் என்பதே, 1964இல் இயன் பிளெமிங் எழுதிய சிறுவர் நூலுக்கும் பின்னர் வந்த திரைப்படத்துக்கும் தூண்டுதலாயிற்று.

ஸ்பொரோவ்ஸ்கியின் கடைசிக் கார் எல்லாவற்றிலும் பெரியது. அமெரிக்கா போரில் நுழைந்த 1917இல், இரு பொறியியலாளர்கள் வாஷிங்டன் விடுதி ஒன்றில் ஒரு சில நாட்களுக்குள் வரைந்து முடித்த லிபர்ட்டி எஞ்சின் அதில் பொருத்தப்பட்டது. பன்னிரண்டு சிலிண்டர்கள், 27 லீற்றர் கொள்ளளவு. ஒன்றரை லீற்றர் எஞ்சின் கொண்ட சாதாரணக் குடும்பக் காருடன் ஒப்பிட்டால் பதினெட்டு மடங்கு. குண்டுவீச்சு விமானங்களுக்காக இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட லிபர்ட்டி எஞ்சின்கள் ஆக்கப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்றுடன், போருக்கு முந்திய ஜேர்மன் பென்ஸ் பந்தயக் கார் ஒன்றின் கியர்பெட்டியும் சங்கிலிகளும் இணைக்கப்பட்டன. ஹைகம் ஸ்பெஷல் என்று பெயர் பெற்ற அந்தக் கார் முழுமையாகச் சீரமைக்கப்படுவதற்கு முன்னரே, 1924 ஒக்டோபரில் இத்தாலியின் மொன்சா ஓடுபாதையில் மேர்சிடிஸ் கார் ஓட்டிய ஸ்பொரோவ்ஸ்கி விபத்தில் இறந்தார். அவருக்கு வயது 29.

125 பவுண் கார்

உரிமையாளர் இறந்தபின் அந்தக் காரை வாங்க முன்வந்தவர் பரி தோமஸ். கொடுத்த விலை 125 பவுண். அவர் வடிவமைத்த லேலன்ட் எய்ட் காரின் விலையில் அது மிகச் சிறிய பகுதியே. செல்வந்தர் ஒருவர் விளையாட்டாகத் தொடங்கி அரைகுறையாக விட்டுச்சென்ற ஒன்றை, கூலிக்கு உழைத்துப் பழகிய ஒரு பொறியியலாளர் புரூக்லண்ட்ஸ் தொழிற்கூடத்துக்குக் கொண்டுவந்தார். அதற்குப் பாப்ஸ் என்ற செல்லப்பெயரையும் இட்டார்.

விமான எஞ்சின் காருக்கு ஏன் எளிதில் பொருந்துவதில்லை? விமானத்தில் அந்த எஞ்சின் உந்துவிசிறியை நேராகச் சுழற்றுகிறது. அதற்குக் கிளச் வேண்டியதில்லை, கியர்பெட்டி வேண்டியதில்லை. பறக்கும் நேரம் முழுவதும் ஏறத்தாழ ஒரே சீரான வேகத்தில், நிமிடத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் சுழற்சிகளுடன் அது ஓடினால் போதும். காரிலோ நின்ற நிலையிலிருந்து புறப்பட வேண்டும். வேகத்தைக் கூட்ட வேண்டும், குறைக்க வேண்டும். மெதுவாகச் சுழலும் பெரிய எஞ்சினின் முறுக்குவிசையோ மிகப் பெரிது. சாதாரணக் கியர்பெட்டியின் பற்களையும் பின் அச்சையும் அது நொறுக்கிவிடும். ஸ்பொரோவ்ஸ்கி பென்ஸ் கியர்பெட்டியையும் சங்கிலிகளையும் நாடியதன் காரணம் இதுவே. கியர்பெட்டியிலிருந்து வரும் வலு குறுக்கே செல்லும் ஒரு தண்டுக்குச் சென்று, அதன் இரு முனைகளிலும் உள்ள சிறிய பற்சில்லுகளிலிருந்து, சைக்கிளில் இருப்பதைப் போலவே, இரு தடித்த சங்கிலிகள் வழியாகப் பின்சில்லுகளுக்குப் போகும். பழைய முறைதான்; ஆனால் பலமானது. பற்சில்லை மாற்றினால் வேக விகிதத்தையும் மாற்றிக்கொள்ளலாம்.

பரி தோமஸ் எஞ்சினை மாற்றவில்லை. அதே லிபர்ட்டியை வைத்துக்கொண்டு, அது காற்றையும் பெற்றோலையும் உள்ளிழுக்கும் முறையைச் சீர்செய்தார். நான்கு செனித் காபரேற்றர்களைப் பொருத்தினார். தாமே வடிவமைத்த பிஸ்டன்களை உள்ளே இட்டார். உயர்ந்து தடித்திருந்த உடற்பகுதியைக் காற்றைக் கிழித்துச் செல்லும் வடிவில், நீண்ட மூக்கும் கூர்ந்து ஒடுங்கும் வாலும் கொண்டதாக மாற்றியமைத்தார். சங்கிலிகள் உலோகக் கவசங்களால் மூடப்பட்டன. இவ்வேலைகள் எவையும் வேடிக்கை பார்ப்போரின் கண்ணில் படுவன அல்ல. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது பிரபு ஒருவரின் பழைய பூதமே. ஆனால் ஒரே எஞ்சின் இருவர் கையில் இரு வேறு பொருளாயிற்று. ஸ்பொரோவ்ஸ்கி அதற்குப் பருமனைக் கொடுத்தார். பரி தோமஸ் அதற்கு ஒழுங்கைக் கொடுத்தார்.

ஏழு மைல் மணல்

மணிக்கு 150 மைலுக்கு மேல் ஓடுவதற்குப் புரூக்லண்ட்ஸ் இடந்தரவில்லை. அக்காலப் பிரித்தானியர் கடற்கரைகளையே நாடினர். வேல்ஸின் தெற்கே, கார்மார்தன் மாவட்டத்தில் உள்ள பென்டைன் கடற்கரை ஏறத்தாழ ஏழு மைல் நீளமானது. வற்றுநேரத்தில் மணல் இறுகித் தட்டையாகும். அலை திரும்புவதற்குள் ஓட்டத்தை முடித்துவிட வேண்டும். ஈரம் தங்கிய பள்ளங்களும் அலை வரிகளும் ஓட்டத்தைக் கெடுத்துவிடும். உலக சாதனையாக ஏற்கப்படுவதற்கு, அளந்து குறித்த தூரத்தை எதிரெதிர்த் திசைகளில் இருமுறை கடந்து, அவ்விரண்டின் சராசரியையே கொள்ள வேண்டும் என்பது விதி. காற்றின் துணையால் ஒருவர் பயனடைவதைத் தடுப்பதே அதன் நோக்கம்.

1926 மார்ச்சில் ஹென்றி சீக்ரேவ், சவுத்போட் கடற்கரையில் நான்கு லீற்றர் சண்பீம் காரில் மணிக்கு 152.33 மைல் வேகத்தை எட்டிப் புதிய சாதனையை நிலைநாட்டியிருந்தார். ஏப்ரல் 27ஆம் நாள் பரி தோமஸ் பென்டைன் மணலில் பாப்ஸை ஓட்டினார். மணிக்கு 169.30 மைல். அதனுடன் அமைதியடையாத அவர் மறுநாளும் ஓடினார். 171.02 மைல், அதாவது மணிக்கு 275 கிலோமீற்றர். ஒரு கிலோமீற்றர் தூரத்தைப் பதின்மூன்று விநாடிகளில் கடக்கும் வேகம் அது. ஆறு வாரங்களுக்கு முன்னிருந்த சாதனையை அவர் மணிக்கு 30 கிலோமீற்றரால் உயர்த்திவிட்டார். பெரும் நிறுவனம் எதுவும் அவர் பின்னால் இருக்கவில்லை. இறந்தவரிடமிருந்து வாங்கிய கார், போரில் மிஞ்சிய எஞ்சின், பழைய கியர்பெட்டி, தமது சொந்த அறிவு ஆகியவையே அவரது முதலீடு.

குண்டுவீச்சு விமானங்களின் இரைச்சலைக் கேட்டுப் பதுங்குகுழிக்குள் ஓடிய எமது வாசகர்களுக்கு, அத்தகைய விமானத்துக்கென ஆக்கப்பட்ட எஞ்சின் ஒன்று கடற்கரையில் எவருக்கும் தீங்கின்றி ஓடியது என்ற செய்தி ஆறுதல் தரக்கூடும். ஆனால் லிபர்ட்டி எஞ்சினின் கதை அவ்வளவு எளிமையானது அன்று. அமெரிக்காவில் மதுவிலக்குக் காலத்தில் அது கள்ளச்சாராயம் கடத்தும் படகுகளை ஓட்டியது. இரண்டாம் உலகப் போரில், நபீல்ட் நிறுவனம் பிரித்தானியாவில் ஆக்கிய வடிவில், வட ஆபிரிக்கப் பாலைவனத்தில் குரூசேடர் தாங்கிகளை ஓட்டியது. எஞ்சினுக்குப் பகையும் இல்லை, நட்பும் இல்லை. அதைப் பொருத்துபவனின் நோக்கமே அதன் நோக்கமாகிறது.

1927 மார்ச் 3

பரி தோமசின் சாதனை ஒரு வருடமேனும் நிலைக்கவில்லை. 1927 பெப்ரவரி 4ஆம் நாள், அதே பென்டைன் மணலில், மல்கம் கம்பெல் தமது புளூபேர்ட் காரில் மணிக்கு 174.88 மைல் வேகத்தை எட்டினார். புளூபேர்டும் நேப்பியர் லயன் என்ற விமான எஞ்சினைக் கொண்டதே. ஆயினும் அக்கார் அந்த எஞ்சினுக்காகவே தொடக்கத்திலிருந்து வடிவமைக்கப்பட்டது. அதேவேளை சீக்ரேவ், இரண்டு விமான எஞ்சின்களைத் தாங்கிய புதிய சண்பீம் காருடன் அமெரிக்காவின் டேற்றோனா கடற்கரைக்குச் செல்ல ஆயத்தமாகியிருந்தார். அவர் மணிக்கு 200 மைலைத் தாண்டக்கூடும் என்பது யாவருக்கும் தெரிந்திருந்தது. பரி தோமசுக்கு இருந்த கால அவகாசம் சில வாரங்களே.

இன்புளுவன்சாக் காய்ச்சலால் பாதிக்கப்பட்டு, முற்றாகத் தேறாத நிலையிலேயே அவர் பென்டைன் சென்றார். மார்ச் 3ஆம் நாள் பிற்பகல் ஓட்டத்தின்போது பாப்ஸ் நிலைதடுமாறி, மணலில் சறுக்கிப் புரண்டது. தலையிலும் கழுத்திலும் ஏற்பட்ட காயங்களால் பரி தோமஸ் அவ்விடத்திலேயே இறந்தார். உலக நில வேகச் சாதனை முயற்சியில் உயிர்நீத்த முதலாவது சாரதி என்று வரலாற்றில் அவர் குறிக்கப்படுகின்றார். புரூக்லண்ட்சுக்கு அண்மையில் உள்ள பைபிளீற் கிராமத்தின் புனித மரியாள் ஆலய மயானத்தில் அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது. 26 நாட்களின் பின் டேற்றோனாவில் சீக்ரேவ் மணிக்கு 203.79 மைல் வேகத்தை எட்டினார்.

காரணம் என்ன? வலப்புறச் சங்கிலி அறுந்து, கவசத்தைக் கிழித்துக்கொண்டு வந்து சாரதியைத் தாக்கியது என்ற விளக்கமே உடனடியாகப் பரவியது. அறுந்த சங்கிலி ஒன்று கண்முன் கிடந்தபோது, வேறு காரணத்தைத் தேடுவார் இல்லை. பழைய சங்கிலி முறையை நம்பியமையே அவரது உயிரைக் குடித்தது என்று மோட்டார் உலகம் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லிவந்தது. இறந்தவரின் அறிவின் மீதே விழுந்த தீர்ப்பு அது.

விசாரணையின் பின் பாப்ஸும் அடக்கம் செய்யப்பட்டது. ஆசனத்தின் தோலைக் கிழித்து, அளவுக்கருவிகளின் கண்ணாடிகளை உடைத்து, பென்டைன் மணற்குன்றுகளிடையே ஆழமாகக் குழி தோண்டி அக்காரைப் புதைத்தனர். எவரும் அதை எடுத்து விற்கவோ காட்சிப்பொருளாக்கவோ கூடாது என்ற துயரம் அதில் தெரிகிறது. ஆனால் என்ன நடந்தது என்பதற்கான சாட்சியும் அதனுடனேயே மண்ணுக்குள் சென்றது.

வேலிக்குள் இருந்த புதைகுழி

காலப்போக்கில் அந்நிலம் பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சின் ரொக்கற் பரிசோதனைத் தளத்துக்குள் அகப்பட்டுக்கொண்டது. புதைகுழியைச் சுற்றி இராணுவ வேலி எழுந்தது. அவ்வேலியைக் கடக்கத் துணிந்தவர் ஒரு விரிவுரையாளர். வட வேல்ஸில் உள்ள பாங்கர் தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் கற்பித்த ஒவன் வின் ஒவன், காரைத் தோண்டி எடுக்க அனுமதி கோரினார். இராணுவத்தின் ஒப்புதல் ஒருபுறம் வேண்டியிருந்தது. இறந்தவரின் நெருங்கிய உறவினரிடமிருந்து சம்மதக் கடிதமும் வேண்டியிருந்தது. ஊர்மக்களுள் ஒரு சாரார், இது கல்லறையைத் தோண்டுவதற்கு ஒப்பானது என எதிர்த்தனர். இராணுவ வேலிக்குள் அகப்பட்ட நிலத்தில் புதைந்திருப்பதைத் தோண்டிப் பார்க்க அனுமதி கேட்பது எத்தகையது என்பதை எமது வாசகர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை. ஒவனுக்கு அந்த அனுமதி கிடைத்தது.

1969இல் பாப்ஸ் வெளியே எடுக்கப்பட்டது. நாற்பத்திரண்டு ஆண்டுகள் உப்பும் ஈரமும் அரித்த உலோகத்தைப் பொறுக்கி எடுத்து, பாகம் பாகமாகப் பிரித்து, அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஒவன் உழைத்தார். இல்லாதவற்றைப் புதிதாக ஆக்கினார், இருந்தவற்றைச் சீர்செய்தார். ஒருகாலத்தில் பரி தோமஸ் செய்த அதே வேலையை, அதாவது ஒன்றுக்கொன்று அந்நியமான பாகங்களை ஒத்துப்போகச் செய்யும் வேலையை, அவர் மீண்டும் ஒருமுறை செய்ய வேண்டியிருந்தது. ஈற்றில் அந்தக் கார் ஓடும் நிலைக்கு வந்தது. பின்னர் பென்டைனிலும் புரூக்லண்ட்சிலும் உள்ள அருங்காட்சியகங்களில் மக்கள் அதைக் கண்டனர்.

தோண்டியதனால் விளைந்த பயன் கார் மட்டும் அன்று. சிதைவுகளை நேரில் ஆராய முடிந்தபோது, பழைய விளக்கம் கேள்விக்கு உள்ளாயிற்று. வலப்புறப் பின்சில்லே முதலில் நொறுங்கியிருக்கலாம் என்றும், சங்கிலி அறுந்தது விபத்தின் விளைவேயன்றிக் காரணம் அன்று என்றும் கருத்து வலுப்பெற்றது. இவ்விளக்கம் சரியாயின், பழைய முறையை நம்பிக் கெட்டவர் என்று பரி தோமஸ் மீது சாற்றப்பட்ட பழி பெரிதும் நீங்குகிறது. மணிக்கு 170 மைல் வேகத்தில், டன் கணக்கான பாரத்தைத் தாங்கிய அக்காலச் சில்லு ஒன்று நொறுங்குவதை எந்த வடிவமைப்பாளரும் எளிதில் முன்கூட்டிக் கண்டிருக்க முடியாது. எனினும் பிறர் ஆக்கிய பாகங்களை ஒன்றிணைப்பவர் எவரும் மறக்கலாகாத பாடம் இதிலும் உண்டு. எஞ்சினின் வலுவைக் கூட்டியவுடன், அதன் பாரம் வண்டியின் கடைசி ஆணி வரை சென்று சேர்கிறது. வலுவிழந்த பாகம் எது என்பதை நாம் தேர்ந்துகொள்வதில்லை, வேகமே தேர்ந்துகொள்கிறது.

அவர் விட்டுச்சென்றவை

பரி தோமசின் தொழிற்கூடம் அவருடன் மூடப்படவில்லை. அவரது கூட்டாளி கென் தொம்சனும், கென் டெய்லர் என்பவரும் அதனைத் தொம்சன் அன்ட் டெய்லர் என்ற பெயரில் தொடர்ந்து நடத்தினர். லேலன்ட் காலத்தில் அவருக்கு உதவியாளராக இருந்த ரீட் ரெயில்டன் அங்கு வடிவமைப்பாளரானார். மல்கம் கம்பெலின் பிற்காலப் புளூபேர்ட் கார்கள் அக்கூடத்திலேயே உருப்பெற்றன. நேப்பியர் லயன் விமான எஞ்சினை வைத்து ரெயில்டன் வடிவமைத்த நேப்பியர் ரெயில்டன் என்ற காரில், 1935இல் ஜோன் கொப் புரூக்லண்ட்ஸ் சுற்றை மணிக்கு 143.44 மைல் வேகத்தில் ஓடினார். இரண்டாம் உலகப் போருடன் அந்த ஓடுபாதை நிரந்தரமாக மூடப்பட்டதால், அச்சாதனை என்றென்றைக்கும் முறியடிக்கப்படாததாயிற்று. 1947இல், இரண்டு நேப்பியர் லயன் எஞ்சின்களைத் தாங்கிய ரெயில்டனின் இன்னொரு காரில், அதே கொப் மணிக்கு 394 மைல் என்ற உலக சாதனையை நிலைநாட்டினார். விமான எஞ்சினை நிலத்தில் ஓடச்செய்யும் கலை உச்சத்தை அடைந்தது அவ்வாண்டில். அதற்கான பள்ளிக்கூடத்தைத் திறந்தவர் பரி தோமஸே.

இன்று எமது இளைஞர் பலர், புகலிட நாடுகளின் குளிர்காலக் காலைகளில் கராஜ் கதவுகளைத் திறந்து பிறர் கைவிட்ட கார்களுக்கு உயிர் கொடுக்கின்றனர். அவர்களிடம் பொறியியற் பட்டம் இல்லாதிருக்கலாம். ஆனால் பரி தோமசின் உண்மையான திறமை பட்டத்திலோ துணிச்சலிலோ தங்கியிருக்கவில்லை. அமெரிக்க எஞ்சின், ஜேர்மன் கியர்பெட்டி, ஆங்கிலேயத் தொழிற்கூடம் ஆகியவை ஒன்றையொன்று முறிக்காமல் சேர்ந்து இயங்க என்ன செய்ய வேண்டும் என்று சலிப்பின்றிச் சிந்தித்ததிலேயே அது தங்கியிருந்தது. 125 பவுணுக்கு வாங்கிய காரை உலகின் வேகமான காராக்கியது அந்தச் சிந்தனைதான். அவரது மரணத்தின் காரணத்தை அறிவதற்கு நாற்பத்திரண்டு ஆண்டுகளும், மண்ணைத் தோண்டும் துணிவுடைய ஒரு விரிவுரையாளரும் தேவைப்பட்டனர். புதைக்கப்பட்டதை எடுத்து ஆராய்ந்தமையினாலேயே, இறந்த ஒருவருக்கு அவரது நற்பெயர் திரும்பக் கிடைத்தது.